மெத்தட் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து: யார் கறார், யார் தாராளம்?

பிஎச்பி என்ற நிரல்மொழியில் ஒரு மெத்தடை (பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) சின்ன எழுத்தில் எழுதிவிட்டு, முழுக்கப் பெரிய எழுத்தில் கூப்பிட்டாலும் ஓடிவிடும். ஆனால் மதிப்புகளைச் சேமிக்கும் மாறிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஒரே வீட்டில் இரண்டு சட்டம்.

இந்தத் தாராளம் ஒருகாலத்தில் வம்பிலும் மாட்டியது. ஆங்கிலத்தின் பெரிய ‘ஐ’ எழுத்தைத் துருக்கிய விதிப்படி சின்னதாக்கினால், புள்ளியில்லாத வேறொரு எழுத்து வரும். சர்வரைத் துருக்கிய மொழிக்கு மாற்றினால், அந்த எழுத்துள்ள பெயர்களை பிஎச்பி தேடித் தோற்றது. 2013இல் வந்த 5.5 பதிப்பிலிருந்துதான் ஆஸ்கி எனும் அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுப்பின் விதியை மட்டும் வைத்து ஒப்பிடுகிறது.

பைத்தானும் ஜாவாவும் கறார். எழுத்து மாறினால் உடனே பிடிபடும் என்பார்கள். பாதிதான் உண்மை. கூப்பிடும் இடத்தில் தப்பினால் பிடிபடும். மெத்தடுகளைத் தொகுத்து வைப்பது கிளாஸ். ஒரு கிளாஸ் தன் தாய் கிளாஸிடமிருந்து பெற்ற மெத்தடை மாற்றி எழுதும் இடத்தில் தப்பினால்? பைத்தானில் டெஸ்ட் எழுத உதவும் யூனிட்டெஸ்டில், ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன் தானாக ஓடும் ‘செட்அப்’ மெத்தடின் ‘யு’ பெரிய எழுத்து. அதைச் சின்னதாக எழுதினேன். எந்தப் புகாரும் இல்லை. அது யாரும் கூப்பிடாத புது மெத்தடாக ஓரமாக உட்கார்ந்திருந்தது, டெஸ்ட் வேறெங்கோ விழுந்தது. அரை நாள் போச்சு. பிஎச்பியில் இந்தத் தப்பே நடக்காது!

ஜாவாவிலும் ‘ஹேஷ்கோட்’ மெத்தடின் ‘சி’ இதே குழிதான். ஆனால் 2004இல் ஜாவா 5 கொண்டுவந்த ‘ஓவர்ரைட்’ குறியை (தாயின் மெத்தடை மாற்றி எழுதுகிறேன் என்ற அறிவிப்பு) தலையில் போட்டால், நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரே நிறுத்திவிடும். பைத்தான் 3.12லும் அதே பெயரில் ஒன்று உண்டு. அதைச் சரிபார்ப்பது நிரலை ஓட்டாமலே சோதிக்கும் மைபை போன்ற டைப் செக்கர்தான், ஓடும்போது பைத்தான் கண்டுகொள்ளாது. என் ஓட்டு ஜாவாவுக்கு.

நிம் என்ற மொழி ஒரு தனி ரகம்: முதல் எழுத்தில் மட்டும் கறார், மற்றதை எப்படி எழுதினாலும், நடுவே அண்டர்ஸ்கோர் போட்டாலும் ஒரே பெயர். எழுதியதை அப்படியே தேடும் கிரெப் கருவியைப் போட்டுத் தேடுகிறவர் பாடு திண்டாட்டம்.

கோ மொழியில் எழுத்தின் அளவுக்கே பொருள் உண்டு. முதல் எழுத்து பெரியதானால் மெத்தட் தன் பேக்கேஜுக்கு, அதாவது அது இருக்கும் நிரல் தொகுப்புக்கு, வெளியே தெரியும். இல்லையென்றால் உள்ளேயே இருக்கும். அழகான விதி, பெரியது சின்னது இல்லாத தமிழுக்கு மட்டும் ஒத்துவராது. ‘பல’ என்று பெயர் வைத்தால் அது வெளியே தெரியாது. முன்னால் ஒரு பெரிய ஆங்கில எழுத்தை ஒட்டவேண்டும். ‘சில’ என்றால் அதுவும் முடியாது: கொம்பு, புள்ளி போன்ற துணைக் குறிகளைக் கோ பெயருக்குள் ஏற்பதேயில்லை. பைத்தான் 3 இரண்டையும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும்.