இருபத்தாறு மாதம், 31,000 கிலோமீட்டர்: என் மின்சார காரும் தம்பியின் ஹைப்ரிட்டும்

2023 செப்டம்பரில் இந்த மின்சார காரை எடுத்தேன். கம்பெனி பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் பேச்சு அந்தப் பெயரோடு நின்றுவிடும். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் என்ஜின் வால்வு செய்யும் ஒரு கம்பெனியில் 19 வருஷமாகத் தரப்பிரிவில் இருக்கிறேன். இந்தக் காரில் என்ஜினும் இல்லை, வால்வும் இல்லை. ஆகவே இதை ஆசையாகவும் பார்க்கிறேன், கொஞ்சம் பயத்தோடும் பார்க்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

ஓட்டுவதற்கு அருமையான வண்டி. நங்கநல்லூரிலிருந்து அம்பத்தூர் போய் வர நாளுக்கு 40 கிலோமீட்டர். கத்திப்பாரா நெரிசலில் கிளட்ச் மிதித்து மிதித்து முழங்கால் வலித்த காலம் போயே போச்சு. வீட்டில் 15 ஆம்பியர் பிளக்தான். இரவு எட்டு மணிக்குச் செருகினால் காலைக்குள் பாதிக்கு மேல் ஏறிவிடுகிறது. வாரத்துக்கு இரண்டு இரவு போதும். பேட்டரி 40 யூனிட். சான்றிதழில் போட்டிருப்பது 450 கிலோமீட்டருக்கு மேல். ஊருக்குள் ஏசி போட்டு எனக்குக் கிடைப்பது 300. எங்கள் வீட்டில் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வைத்து, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால், கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். பழைய பெட்ரோல் காரில் எட்டு ரூபாய் ஆகிக்கொண்டிருந்தது.

நெடுஞ்சாலைக்குப் போனால் கணக்கு மாறும். திருச்சிக்கு நூறில் போனால் 250, 260தான் தாங்கும். உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு முறை நிறுத்தியே ஆக வேண்டும். போன பொங்கலுக்குப் போனபோது அங்கே இருந்த இரண்டு சார்ஜிங் கன்னில் ஒன்று வேலை செய்யவில்லை. முன்னால் இரண்டு கார் நின்றது. அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது. கழிப்பறைகூட இல்லாத இடத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தது இன்னும் மனசில் உறுத்துகிறது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒரு விஷயத்துக்காக.

2024 டிசம்பர் முதல் வாரம், ஃபெஞ்சல் புயல் மழை ஓய்ந்த சமயம். காலையில் ரிமோட்டை அழுத்தினால் கதவு திறக்கவில்லை. முந்தின இரவு பேட்டரி 78 சதவீதம் காட்டியது. ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் சின்ன இரும்புச் சாவியை உருவித்தான் கதவைத் திறந்தேன். உள்ளே திரை கறுப்பு. விளக்கு இல்லை, ஹாரன் இல்லை. 40 யூனிட்டைச் சுமந்துகொண்டு வண்டி பிணமாகக் கிடந்தது.

காரணம், பானெட்டுக்குள் இருக்கும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி. மின்சார காரிலும் அது உண்டு. பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் சுவிட்ச், அதாவது கான்டாக்டர், மூடிக்கொள்ளவே இந்தச் சின்ன பேட்டரியின் தயவு வேண்டும். பெட்ரோல் காரில் ஆல்டர்னேட்டர் செய்கிற வேலையை இதில் டிசி-டிசி கன்வெர்ட்டர் செய்கிறது. பெரியதிலிருந்து எடுத்துச் சின்னதை நிரப்பும். அது நடக்கவில்லை.

டோ செய்து கொண்டுபோனார்கள். “சாஃப்ட்வேர் அப்டேட் போட்டாச்சு மேடம், இனிமே வராது” என்றார் சர்வீஸ் அட்வைசர். ஒன்பது நாளில் திரும்ப வந்தது. 12 வோல்ட் பேட்டரியை மாற்றினார்கள். மூன்று வாரம் கழித்து மறுபடியும். மூன்றாவது முறை நான் லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன்.

அங்கே பார்த்ததைச் சொல்ல வேண்டும். சர்வீஸ் சென்டரில் இருபது வருஷ அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் இருந்தார். என்ஜின் சத்தத்தை வைத்தே எந்த சிலிண்டரில் கோளாறு என்று சொல்லக்கூடியவர். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளியே நின்றார். பெரிய பேட்டரியின் உயர் வோல்டேஜ் ஓடும் ஆரஞ்சு நிற கேபிளைத் தொட அவருக்கு அனுமதி இல்லை. அதற்கான பயிற்சியை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. “என்னைக் கேட்டா நான் என்னம்மா சொல்லுவேன்” என்றார். அதற்கென்று பயிற்சி பெற்ற ஒரே பையன் வேறு கிளையிலிருந்து வர வேண்டியிருந்தது. வண்டி நான்கு நாள் காத்திருந்தது.

அந்தப் பையன் ரப்பர் கையுறை மாட்டி, பெரிய பேட்டரியைத் துண்டித்துவிட்டு, கன்வெர்ட்டரின் கனெக்டரைக் கழற்றினான். உள்ளே பின்களில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். கனெக்டரைச் சுற்றிய ரப்பர் சீல் ஒரு மூலையில் உள்பக்கமாக மடிந்து நசுங்கியிருந்தது. தொழிற்சாலையில் செருகும்போதே மடிந்திருக்கிறது; நசுங்கிய தடம் ரப்பரில் நன்றாகப் பதிந்திருந்தது. பதினைந்து மாதமாக ஈரம் அந்த வழியாக ஏறியிருக்கிறது. சில ரூபாய் சமாச்சாரம். இதை எந்த சாஃப்ட்வேர் சரி செய்யும்?

இது என் ஒரு வண்டியின் தலைவிதி இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 2021 ஆகஸ்டில் தான் விற்ற ஷெவ்ரலே போல்ட் மின்சார கார்கள் அத்தனையையும், சுமார் 1,40,000, திரும்ப அழைத்தது. எல்.ஜி. செய்த பேட்டரி செல்லில் அனோடு டேப் (மின்முனையிலிருந்து மின்சாரத்தை வெளியே எடுக்கும் உலோகப் பட்டை) கிழிந்து, செப்பரேட்டரும் (இரண்டு மின்முனையும் ஒட்டாமல் பிரிக்கும் தாள்) மடிந்திருந்தால், இரண்டும் ஒரே செல்லில் சேர்ந்தால், தீப்பிடிக்கலாம். செலவு கிட்டத்தட்ட 200 கோடி டாலர், பெரும்பங்கை எல்.ஜி. ஏற்றது. என் காரில் மடிந்தது ரப்பர், அங்கே மடிந்தது மெல்லிய பிளாஸ்டிக் தாள். என்ஜினில் எது எங்கே மடியும், எங்கே விரியும் என்று நூறு வருஷமாக அடிபட்டுக் கற்றிருக்கிறோம். வால்வுத் தண்டில் சில மைக்ரான் கூடினால் எங்கள் லைன் நின்றுவிடும். அந்தப் பழக்கம் கனெக்டருக்கும் செல்லுக்கும் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

தம்பி 2023 தீபாவளிக்கு ஸ்ட்ராங் ஹைப்ரிட், அதாவது பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார், எடுத்தான். மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் என்று இரண்டு பெயரில் வரும் அதே வண்டி. மூன்று சிலிண்டர், 12 வால்வு. அவனுடைய பேட்டரி முக்கால் யூனிட்தான். பின்னால் உட்கார்ந்திருப்பதால் டிக்கி சிறியது. செருக வேண்டாம், பிரேக் போடும்போதும் என்ஜின் ஓடும்போதும் தானே ஏறிக்கொள்ளும். ஊருக்குள் லிட்டருக்கு 22 தருகிறது, அதாவது கிலோமீட்டருக்கு நாலரை ரூபாய். என்னைவிட மூன்று மடங்கு செலவு. ஆனால் இந்த இரண்டு வருஷத்தில் ஆயில் மாற்றுவதைத் தவிர அவன் சர்வீஸ் வாசலை மிதித்ததில்லை. “அக்கா, உன் வண்டி ராக்கெட்டுதான், ஆனா எனக்குத் தூக்கம் வேணும்” என்பான்.

அவன் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு கார் வைத்திருப்பவர்களைக் கேட்டு 2023 இறுதியில் வெளியிட்ட கணக்கில், பெட்ரோல் காரைவிட ஹைப்ரிட்டில் கோளாறு 26 சதவீதம் குறைவு, மின்சார காரில் 79 சதவீதம் அதிகம், செருகி ஏற்றும் பிளக்-இன் ஹைப்ரிட்டில் 146 சதவீதம் அதிகம். 1997இல் ஜப்பானில் பிரியஸ் வந்ததிலிருந்து கால் நூற்றாண்டாக ஹைப்ரிட்டைத் தேய்த்துத் தேய்த்துச் செம்மைப்படுத்தியிருக்கிறார்கள். பிளக்-இன்னில் இரண்டு உலகத்தின் பாகங்களும் இருக்கின்றன. கெட்டுப்போக இடம் இரட்டிப்பு.

ஒரு மின்சார காரின் பேட்டரிக்குப் போகும் கனிமத்தில் 90 ஹைப்ரிட் செய்யலாம் என்று டொயோட்டா சொல்லிவருகிறது. அவர்கள் விற்பது ஹைப்ரிட், அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் எங்கள் வீட்டு இரண்டு பேட்டரியை வைத்துப் பார்த்தாலே ஐம்பது மடங்கு வித்தியாசம் வருகிறது. அப்படியிருக்க, மின்சார காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், தம்பி கார் போன்றதற்கு 2025 செப்டம்பர் 21 வரை 43, இப்போது 40. இவ்வளவு பெரிய இடைவெளி எனக்கு நியாயமாகப் படவில்லை. இதில் என் சோறும் இருக்கிறது, மறைக்கவில்லை. எங்களைப் போன்ற கம்பெனிகள் அம்பத்தூரிலும் பாடியிலும் ஓரகடத்திலும் ஓசூரிலும் எத்தனையோ. அவை கனெக்டருக்கும் மோட்டாருக்கும் மாற அவகாசம் வேண்டும். ஹைப்ரிட் ஓடும் வருஷங்கள் அந்த அவகாசம்.

சீலை மாற்றியபின் பதினோரு மாதம் ஆகிறது, ஒரு பிரச்சினையும் இல்லை. காரை விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. வீட்டில் சொந்தமாக பார்க்கிங்கும் பிளக்கும் இருந்து, ஊருக்குள்ளேயே பெரும்பாலும் ஓட்டுபவர்கள் தாராளமாக மின்சார கார் எடுக்கலாம். அபார்ட்மென்டில் சார்ஜ் பாயின்ட்டுக்குச் சங்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டியவர்கள், மாதத்துக்கு இரண்டு முறை ஊருக்குப் போகிறவர்கள் ஹைப்ரிட்டுக்குப் போங்கள்.

எதை எடுத்தாலும், டெஸ்ட் டிரைவ் முடிந்ததும் ஷோரூம் சோபாவில் உட்காராமல் சர்வீஸ் பக்கம் நடந்து போங்கள். ஆரஞ்சு கேபிளைத் தொடப் பயிற்சி பெற்றவர்கள் இந்தக் கிளையிலேயே எத்தனை பேர், அவர்களில் இன்றைக்கு டியூட்டியில் யார் என்று கேளுங்கள். அவரை நேரில் பார்த்து இரண்டு வார்த்தை பேசுங்கள். “அவர் வேற பிராஞ்ச்ல இருக்கார் சார்” என்று பதில் வந்தால், அன்றைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.