தென்னமரம் தோட்டத்தை எங்கே தேடுவது: கூகுளிலா, சிங்கப்பூரிலா, பாரிஸிலா?

சிலாங்கூரில் உள்ள பத்தாங் பெர்ஜுந்தாய் என்ற ஊர் 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. ஊர்ப் பெரியவர்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். பழைய ஆவணங்களிலும் பழைய பெயர்தான் இருக்கிறது. அதனால் இந்த வட்டாரத்துத் தோட்டக் கதைகளைத் தேடுகிறவர், எந்தக் கருவியைத் திறந்தாலும் புதுப் பெயரைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுவது நல்லது.

தேடுகருவிகளை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தோட்டம் வேண்டும். பக்கத்திலேயே தென்னமரம் இருக்கிறது. ஆன்றி ஃபொகொனியே என்ற பிரெஞ்சுக்காரத் துரை 1917-இல் இந்த நாட்டிலேயே முதன்முதலாக வணிக அளவில் செம்பனை நட்டது அங்கேதான். பாடநூல் கதை அதோடு முடிந்துவிடும். லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) யார் இருந்தார்கள், என்ன கூலி, வேலைநிறுத்தம் உண்டா, பங்குதாரர்களுக்கு என்ன கணக்குக் காட்டினார்கள் என்று கேட்டால்தான் கருவிகளின் தரம் தெரியும்.

முதலில் கூகுள். தோட்டத்தின் பெயரை அப்படியே அடித்தால் வரைபடம், ஆலை, கம்பெனிப் பக்கம், அப்புறம் அந்த 1917 வரியையே ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய தளங்கள். பெயரை மேற்கோள்குறிக்குள் போட்டு, வேண்டாத சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி வைத்தால் குப்பை குறையும். ‘ஃபைல்டைப்’ கட்டளையை ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விடாமல் இரட்டைப் புள்ளியும் பிடிஎஃப் என்பதும் சேர்த்தால் ஆய்வேடுகளும் அரசாங்க அறிக்கைகளும் மேலே வரும். ‘பிஃபோர்’ கட்டளையைத்தான் பலர் தவறாக நம்புகிறார்கள். 1940-க்கு முன் என்று கேட்டால் 1935-ஆம் ஆண்டுச் செய்தி வரும் என்று நினைப்பு. கூகுள் பார்ப்பது அந்தப் பக்கம் இணையத்தில் வெளியான தேதியை. சம்பவம் எந்த ஆண்டு நடந்தது என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. இன்றைய செய்திக்கும் கடை நேரத்துக்கும் கூகுளை மிஞ்ச ஆளில்லை. தோட்ட வரலாற்றுக்கு அது வாசற்படி மட்டுமே.

என் ஓட்டு சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் ‘நியூஸ்பேப்பர்எஸ்ஜி’ என்ற பழைய பேப்பர்த் தளத்துக்கு. சிலாங்கூர் தோட்டத்துக்கு ஜொகூர் பாலம் தாண்டிப் போக வேண்டுமா என்று கேட்கலாம். 1845-இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும், 1914-இல் தொடங்கிய மலாயா டிரிபியூனும் சிங்கப்பூரில் அச்சானாலும் மலாயா முழுவதற்குமான செய்தியைச் சுமந்தவை. அந்தப் பக்கங்களை ஸ்கேன் செய்து, எழுத்தெழுத்தாகத் தேடும்படி வைத்திருக்கிறார்கள். ஆண்டைக் குறுக்கலாம். செய்தியா, விளம்பரமா என்றும் பிரிக்கலாம். விளம்பரத்தைத் தள்ளிவிடாதீர்கள். தோட்டம் கைமாறுவதும் ஏலத்துக்கு வருவதும் அங்கேதான் தெரியும். கம்பெனிகளின் ஆண்டுக் கூட்டச் செய்தி இன்னொரு புதையல்: எத்தனை ஏக்கர், எவ்வளவு விளைச்சல், ஆள் பற்றாக்குறை உண்டா என்று தலைவர் பங்குதாரர்களிடம் ஒப்பிப்பது அச்சில் இருக்கும்.

இங்கே ஜெயிக்கிறவர் அந்தக் காலத்து வெள்ளைக்கார நிருபர் மாதிரி யோசிக்கிறவர். ‘தமிழ்த் தொழிலாளர்’ என்று தேடினால் கொஞ்சம்தான் வரும். ‘கூலி’ என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் போட்டால் கொட்டும். பார்க்கக் கசப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் நம் தாத்தாக்களை அந்தப் பேப்பர்கள் அப்படித்தான் எழுதின. வேலைநிறுத்தம் என்று தேடிக் கிடைக்காவிட்டால் ‘தொந்தரவு’, ‘கலகம்’ என்பதற்கான ஆங்கிலச் சொற்களைப் போட்டுப் பாருங்கள். ஊர்ப் பெயர்களையும் பழைய எழுத்துக் கூட்டலில் தர வேண்டும்: சுங்கை அன்று ‘சுங்கெய்’, தெலுக் இந்தான் 1982 வரை தெலுக் ஆன்சன், போர்ட் கிள்ளான் அன்று போர்ட் ஸ்வெட்டன்ஹம். போதாததற்கு, மங்கிய அச்சில் ஆங்கில ‘எம்’ எழுத்தை இயந்திரம் ‘ஆர்’, ‘என்’ என்று இரண்டாகப் படித்துவிடும். தென்னமரத்தில் ‘எம்’ இரண்டு தடவை வருகிறது என்பதால் தோட்டப் பெயரை மட்டும் நம்ப முடியாது. குவாலா சிலாங்கூர் என்று மாவட்டத்தைப் போட்டு, ஆண்டைக் குறுக்கி, புரட்டிப் பார்க்க வேண்டும். பழைய தமிழ்ப் பேப்பர் என்றால் தேடுபெட்டியை விட்டுவிட்டுத் தேதி வழியாகவே போவது மேல். துதிக்கை போட்ட பழைய ‘லை’, ‘னை’ எழுத்துகள் நமக்கே கொஞ்சம் நின்று படிக்க வேண்டியவை. குறை என்றால், சில பக்கங்களை நூலகக் கட்டடத்துக்குள் போனால்தான் முழுதாகப் பார்க்க முடியும். கைப்பேசித் திரையிலும் படிப்பது சிரமம்.

இணைய நூலகமான இன்டர்நெட் ஆர்க்கைவ் இதற்கு அடுத்த இடம். 1996-இல் புரூஸ்டர் கேல் தொடங்கியது. பழைய மலாயாப் புத்தகங்களும் அரசாங்க வெளியீடுகளும் முழுதாகவே படிக்கக் கிடைக்கின்றன. ஆனால் தேடுபெட்டி முதலில் தலைப்பையும் விவரக் குறிப்பையும் மட்டுமே பார்க்கும். புத்தகத்தின் உள்ளே தேடு என்ற தெரிவை நாமே மாற்ற வேண்டும். இதைத் தெரியாமல் ‘ஒன்றுமே இல்லை’ என்று மூடிவிட்டுப் போகிறவர்கள் அநேகம். கூகுள் புக்ஸ் இந்த விஷயத்தில் ஆசை காட்டி மோசம் செய்யும்: தேடிய பெயர் இருக்கிறது என்று இரண்டு வரியைக் காட்டி, மீதியை மறைத்துக்கொள்ளும்.

மூடிப்போன தளங்களுக்கு, இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஆர்க்கைவின் வேபேக் மெஷின்தான் வழி. கூகுள், தான் சேமித்து வைத்த பக்கப் பிரதியைக் காட்டும் ‘கேஷ்’ இணைப்பை 2024-இல் எடுத்துவிட்டு, அங்கேயே கைகாட்டத் தொடங்கியது. 2019 ஜனவரியோடு நின்றுபோன தமிழ் நேசன் போன்ற பத்திரிகைகளின் இணைய முகவரி நினைவிருந்தால் அங்கே போட்டுப் பார்க்கலாம்.

நான் எதிர்பாராத இடம் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் மின்னூலகமான ‘காலிக்கா’. ஃபொகொனியே 1930-இல் கோன்கூர் இலக்கியப் பரிசு வாங்கியவர் என்பதால், அந்தக் காலத்துப் பாரிஸ் பேப்பர்களில் அவர் பெயர் அடிபடுவதில் ஆச்சரியம் இல்லை. பிரெஞ்சு தெரியாவிட்டால் பக்கத்தைத் திரையில் வைத்து கூகுள் லென்ஸைக் காட்டினால் போதும், விஷயம் புரிகிற அளவுக்கு மொழிபெயர்க்கும். துரையைப் பற்றி நிறையக் கிடைக்கும். அவர் தோட்டத்தில் பிரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) நின்றவர்களைப் பற்றி அங்கே தேடுவது வீண்.

ஏஐ அரட்டைக் கருவிகளிடம் தோட்ட வரலாற்றைக் கேட்காதீர்கள். கங்காணி பெயர் உட்பட அழகாகக் கதை கட்டிவிடும். ஓர் ஊர்ப் பெயரை 1920-களில் ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் எழுதியிருக்கலாம் என்று பட்டியல் கேளுங்கள், அதில் கெட்டி.

கடைசியாகப் படங்கள். ‘நம்ம தோட்டம், 1930’ என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) சுற்றும் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு லென்ஸைவிட டின்ஐ என்ற படத்தேடல் தளம் நல்லது. ரப்பர் மரமும் வேட்டி கட்டிய ஆளும் இருந்தால், லென்ஸ் அதே சாயலில் இலங்கை, சுமத்ரா என்று நூறு படம் காட்டும். டின்ஐ அதே படத்தின் பிரதிகளை மட்டும் தேடும், பழையது முதலில் வரும்படி வரிசையும் மாற்றலாம். அந்த வரிசை டின்ஐ கண்ணில் படம் முதலில் பட்ட தேதியை வைத்து வருவது, எடுத்த தேதியை வைத்து அல்ல. ஆனாலும் தலைப்பு ஒட்டப்படுவதற்கு முந்தைய பிரதி கிடைத்தால், அடியில் எந்த ஊர் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். படத்தின் மேல் யாராவது சாமி படமோ வாழ்த்தோ ஒட்டியிருந்தால், அதை வெட்டிவிட்டு ஏற்றுங்கள்.