பன்னிரண்டு வார வாலிபர் வேதபாடத் தொகுப்பு: நடத்தி முடித்தபின் ஒரு மதிப்பீடு

மாற்கு சுவிசேஷத்தின் 16 அதிகாரங்களை 12 கூடுகைகளில் பதின்ம வயதினருடன் வாசிப்பதற்கென்று தயாரிக்கப்பட்ட இந்தத் தொகுப்பை, எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் ஒரு வாரமும் விடாமல் நடத்தி முடித்தபின் இதை எழுதுகிறேன். மாணவர் ஏடு, தலைவர் கையேடு, குறுங்காணொளிகள் ஆகிய மூன்றும் இதில் உள்ளன. காணொளிகளை இரண்டாம் வாரத்தோடு நிறுத்திவிட்டோம்; அவை இல்லாததை ஒருவரும் கவனிக்கவில்லை.

தொகுப்பின் உண்மையான பலம் ஒன்பதாம் அதிகாரப் பாடம். பிசாசு பிடித்த மகனை இயேசுவிடம் கொண்டுவந்த தகப்பன், விசுவாசிக்கிறேன் என்று சொன்ன அதே மூச்சில் தன் அவிசுவாசம் நீங்க உதவி கேட்கிறான். இயேசு அவனைக் கடிந்துகொள்ளாமல் மகனைக் குணமாக்குகிறார். இவ்விடத்தில் கையேடு தலைவரை விளக்கம் சொல்ல விடுவதில்லை. பிள்ளைகள் தங்கள் சந்தேகங்களைப் பெயரிடாமல் சீட்டில் எழுதட்டும் என்றும், அன்றைக்கே பதில் சொல்ல முயலவேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறது. பதில் சொல்லியே பழகிய என்னைப் போன்றோருக்கு அது கடினம்தான். ஆயினும், ஞாயிறு பள்ளியில் எல்லாக் கேள்விக்கும் மனப்பாடமாக விடை சொன்ன பிள்ளைகள், தங்கள் ஜெபம் கேட்கப்படவில்லை என்று எழுதத் துணிந்தது அந்த மாலையில்தான். உயிர்த்தெழுதலை நம்ப மறுத்த தோமா, எட்டு நாள் கழித்தும் மற்ற சீஷரோடேயே இருந்தான் என்று கையேட்டின் ஓரத்தில் வரும் குறிப்பு, பக்கம் பக்கமான விளக்கங்களைவிட எனக்கு உதவியது.

அத்தனை துணிவோடு தொடங்கிய தொகுப்பு, கடைசிப் பாடத்தில் தயங்குகிறது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் மாற்கு, நம் வேதாகமத்தில் அதற்குப் பின் வரும் வசனங்கள் இல்லாமல், 16:8 உடன் முடிகிறது. பெண்கள் பயந்து ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் போவதே அங்கே முடிவு. பிள்ளைகள் இதைக் கைபேசி வேதாகமத்தின் அடிக்குறிப்பிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். கையேட்டிலோ அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பிள்ளைகளே கண்டதைப் பெரியவர்கள் பேசாமல் கடந்தால், வேறு எதையெல்லாம் மறைக்கிறார்களோ என்ற எண்ணம் அவர்களுக்கு வருவது இயல்பே.

பெற்றோருக்கு ஒரு பக்கமும் ஒதுக்காதது இன்னும் பெரிய குறை. 2005இல் வெளியான தம் ஆய்வில் கிறிஸ்டியன் ஸ்மித், மெலின்டா டென்டன் என்னும் சமூகவியலாளர்கள், அமெரிக்கப் பதின்ம வயதினரின் சமய வாழ்வை மிகுதியாக உருவாக்குபவர்கள் பெற்றோரே என்று கண்டார்கள். பவுலும் தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பேசும்போது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும்தான் நினைவுகூருகிறார்.

விளையாட்டுகள் பரவாயில்லை, ஏட்டின் தாள் மட்டும் மை ஊறும் அளவுக்கு மெல்லியது. அடுத்த குழுவுக்கும் இதையே எடுப்பேன். ஆனால் கடைசிப் பாடத்தை நானே எழுதிக்கொண்டு, ஒன்பதாம் அதிகாரத்திற்கு இரண்டு வாரங்கள் ஒதுக்கி, அவற்றுள் ஒரு வாரத்திற்குப் பெற்றோரையும் அழைப்பேன்.