செய்கூலி எழுதிய செருப்பு: பம்பலப்பிட்டிக் கடையொன்றைப் பற்றி

பம்பலப்பிட்டியில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், வீட்டின் முன்னறையைக் கடையாக மாற்றி, கைவினைஞர் செய்யும் செருப்புகளை மட்டும் விற்கும் சிறு முயற்சியொன்று நடந்துவருகிறது. மருதமுனைக் கைத்தறித் துணியில் வார் வைத்த செருப்பு, யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பனையோலைச் செருப்பு, இந்தியாவிலிருந்து தருவிக்கப்படும் கோலாப்புரித் தோற்செருப்பு ஆகிய மூன்று வகைகளே அங்கு உண்டு. முதலிரண்டையும் வாங்கி ஒரு மழைக்காலம் முழுவதும் அணிந்த பின்னரே இதை எழுதுகிறேன். கைவினைஞருக்கு உதவுகிறோம் என்று சொல்லும் கடைகள் கொழும்பில் இப்போது பெருகிவிட்டபடியால், அந்த உதவி எந்த வழியாக, எப்போது, யாருடைய கைக்குப் போய்ச் சேருகிறது என்பதையும் பொருளின் தரத்தோடு சேர்த்தே பார்க்க விரும்பினேன்.

கைத்தறி வார்ச் செருப்பின் விலை 6,800 ரூபாய். புறக்கோட்டையில் இந்த விலைக்கு மூன்று சோடி வாங்கலாம் என்பது உண்மைதான். ஆனால் இதன் வாரைச் சற்று உற்றுப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். கருநீலமும் மஞ்சளும் ஊடும் பாவுமாக ஓடும் துணியை மெல்லிய தோற்பட்டையின் மேல் மடித்து, மெழுகிட்ட நூலால் இரு ஓரங்களிலும் நெருக்கமாகத் தைத்திருக்கிறார்கள். மலிவுச் செருப்புகளில் முதலில் விட்டுப்போவது வார் உள்ளடிக்குள் நுழையும் இடம். இங்கே வாரின் முனை உள்ளடித் தோலுக்குக் கீழே இரண்டு அங்குலம் நீண்டு, பசையோடு நின்றுவிடாமல் தையலாலும் பிடிக்கப்பட்டிருக்கிறது. வெள்ளம் நின்ற வீதிகளில் பலமுறை நடந்தும் அந்த இடம் அசையவில்லை. துணியின் சாயமும் காலில் இறங்கவில்லை.

அடிப்பாகம், இறப்பர்ப் பாலை உறையவைத்துத் தாளாக உருட்டிச் செய்யும் கிரேப் இறப்பர். 1876ஆம் ஆண்டு ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவில் முதல் இறப்பர்க் கன்றுகள் நடப்பட்ட நாட்டில், உலகச் சந்தையில் கிரேப்புக்கென்றே பெயர் வாங்கிய நாட்டில், வெளியிலிருந்து வரும் செயற்கை அடியைப் போடாமல் நம்முடைய பாலையே பயன்படுத்துவது எனக்கு மனநிறைவைத் தந்தது. நடக்கும்போது குதிகாலுக்கு மிகவும் இதமாக இருக்கிறது. எனினும் கிரேப்பின் குறைகளும் இதில் அப்படியே உண்டு. எண்ணெயும் டீசலும் சிந்திக் கிடக்கும் பஸ் தரிப்பிடங்களில் நின்றால் அடியின் ஓரம் கறுத்துப் பிசுபிசுக்கிறது. நனைந்த ஓடு பதித்த தரையில் நிதானமாகவே காலை வைக்க வேண்டும். கடையில் இருந்த தங்கை, "அக்கா, நனைஞ்சால் வெயிலிலை காய வைக்காதேங்கோ, நிழலிலை காத்துப் படுற மாதிரி வைச்சால் காணும்" என்று சொல்லித்தான் தந்தார். அந்த அறிவுரையை ஒரு துண்டிலும் அச்சிட்டுப் பெட்டிக்குள் வைத்தால் நல்லது.

இந்தக் கடையை நான் மற்றக் கடைகளிலிருந்து பிரித்துப் பார்ப்பதற்குக் காரணம், ஒவ்வொரு சோடியிலும் கட்டியிருக்கும் அட்டைதான். நகைக்கடைச் சிட்டையில் செய்கூலியைத் தனியே எழுதுவதுபோல, தோல், துணி, இறப்பர், நெசவுக் கூலி, தையற்கூலி, கடைச் செலவு, இலாபம் என்று விலை முழுவதும் அதில் பிரித்து எழுதப்பட்டிருக்கிறது. நெய்தவரின் பெயரும் தைத்தவரின் பெயரும் தமிழிலும் சிங்களத்திலும் உள்ளன. செருப்புத் தைப்பவரின் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க மறுத்த வீடுகள் நம்முடைய சமூகத்தில் இருந்தன என்பதையும், அந்தத் தொழிலைச் செய்தவரின் பெயரை எவரும் கேட்டறியாமலே தலைமுறைகள் கழிந்தன என்பதையும் நினைத்தால், அட்டையில் இருக்கும் அந்தப் பெயர் வெறும் விற்பனை அலங்காரம் அல்ல. கடைக்குப் பின்னால் இருந்து தைக்கும் இருவரும் முன்பு நடைபாதையில் குடை நட்டுச் செருப்புத் திருத்தியவர்கள். இப்போது மாதச் சம்பளமும் ஊழியர் சேமலாப நிதியும் பெறுகிறார்கள்.

நெசவாளரின் நிலை இன்னும் சிக்கலானது. தறிக்கு வேண்டிய பருத்தி நூலும் சாயமும் இறக்குமதியாகவே வருகின்றன. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ரூபாய் சரியத் தொடங்கி, 200 ரூபாயளவில் இருந்த டொலர் அவ்வாண்டின் நடுப்பகுதிக்குள் 360 ரூபாயளவுக்கு ஏறியபோது, நூலை முன்பணம் கொடுத்து வாங்க முடியாத சிறு நெசவாளர்களே முதலில் அடிபட்டார்கள். நூலைக் கடனுக்குத் தரும் இடைத்தரகரிடமே துணியை அவர் சொல்லும் விலைக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயம் அங்கிருந்துதான் பிறக்கிறது. இந்தக் கடை ஓடருடன் பாதிப் பணத்தைக் கொடுத்துவிடுகிறது. மீதியைத் துணி கொழும்புக்கு வந்து சேர்ந்தவுடன் கொடுக்கிறது. செருப்பு விற்கும்வரை காத்திருக்கச் சொல்வதில்லை. கைவினைப் பொருட்களை விற்றபின் பணம் தருவதாக வாங்கி வைத்துவிட்டு மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் வழக்கம் எவ்வளவு பரவலானது என்பதை அறிந்தவர்களுக்கு, முன்பணம் என்ற ஒன்றே எத்தனை பெரிய ஆறுதல் என்பது விளங்கும்.

உலகளவில் இத்தகைய முயற்சிகள் நடந்த விதத்தையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். 2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பட்ட டொம்ஸ் நிறுவனம், ஒரு சோடி விற்றால் ஓர் ஏழைப் பிள்ளைக்கு ஒரு சோடி இலவசம் என்ற முறையால் பெரும் புகழ் பெற்றது. இலவசமாக வந்திறங்கும் சப்பாத்து அந்தந்த ஊரில் சப்பாத்துச் செய்து பிழைப்பவரின் வயிற்றில் அடிக்கும் என்ற விமர்சனமும் உடன் எழுந்தது. 2019ஆம் ஆண்டில் அந்நிறுவனமே அம்முறையைக் கைவிட்டது. எதியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் பழைய டயரையும் கைநூற்ற பருத்தியையும் கொண்டு செருப்புச் செய்யும் சோல்ரெபல்ஸ், தானம் கொடுப்பதற்குப் பதிலாக வேலை கொடுப்பதையே வழியாகக் கொண்டது. பம்பலப்பிட்டிக் கடையும் இந்த இரண்டாவது வழியில்தான் நடக்கிறது. அதுவே சரியான வழி என்பது என்னுடைய உறுதியான எண்ணம்.

கோலாப்புரிக்கு வருகிறேன். வேலம்பட்டையும் கடுக்காயும் சேர்த்துப் பதனிட்ட தோலை, ஆணி எதுவும் அடிக்காமல் தோல் இழையாலேயே தைக்கும் இந்தச் செருப்புக்கு, குறித்த இடத்துக்கே உரிய பொருள் என்ற சட்டப் பாதுகாப்பான புவிசார் குறியீடு 2019ஆம் ஆண்டு கிடைத்தது. மகாராஷ்டிரத்தில் நான்கு மாவட்டங்களுக்கும் கர்நாடகத்தில் நான்கு மாவட்டங்களுக்கும் அது உரியது. 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் மிலான் நகரில் பிராடா என்ற இத்தாலிய ஆடம்பர ஆடை நிறுவனம் இதே வடிவச் செருப்பை ஊர்ப்பெயர் சொல்லாமல் மேடையேற்றியதும், கண்டனம் எழுந்த பிறகே இந்தியக் கைவினையின் சாயலை ஒப்புக்கொண்டதும் பலருக்கு நினைவிருக்கும். அப்படியிருக்க, உள்ளூர்ச் செருப்பில் செய்தவர் பெயரை எழுதும் இக்கடை, கோலாப்புரிக்கு மட்டும் மாவட்டத்தின் பெயரைக்கூட எழுதாமல் 'இந்தியக் கைவேலை' என்று முடித்துக்கொள்வதை நான் ஏற்கவில்லை. கேட்டபோது, மொத்த வியாபாரியிடம் வாங்குவதால் விபரம் கிடைப்பதில்லை என்றார்கள். விபரம் கிடைக்கும்வரை அந்த வகையை விற்காமல் இருப்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட கொள்கைக்குப் பொருத்தம்.

பனையோலைச் செருப்பை வீட்டுக்குள் அணிய மட்டுமே பரிந்துரைப்பேன். குருத்தோலையை வார்ந்து சாயமிட்டுப் பின்னிய வேலைப்பாடு கண்ணைப் பறிக்கிறது. காலங்காலமாகப் பழக்கத்தில் இருந்துவரும் கூடை, பெட்டிப் பின்னல்களை மேலடிக்கு இவ்வளவு வளைவாகக் கொண்டுவருவது எளிதன்று. ஆனால் வறண்ட வடபுலத்துக்கு ஏற்ற ஓலை, கொழும்பின் ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்கிறது. பெருவிரல் மடியும் இடத்தில் ஓலை வெடித்து, காலைக் கீறவும் தொடங்கிவிட்டது. பின்னிய பெண்களின் திறமையில் இதில் எந்தக் குறையும் இல்லை. மடியும் உறுப்புக்கு மடியாத பொருளைத் தெரிந்தெடுத்தது கடையின் வடிவமைப்புத் தவறு. அதே பின்னலைச் செருப்பு வைக்கும் பெட்டிக்கோ கைப்பைக்கோ பயன்படுத்தினால் அந்தப் பெண்களுக்கு ஓடர் குறையாது, வாங்குபவருக்கும் ஏமாற்றம் இராது.

திருத்தும் சேவை மிகச் சிறப்பு. அங்கு வாங்கிய எந்தச் செருப்பையும் முதல் வருடம் இலவசமாகவும், பின்னர் தையற்கூலியை மட்டும் வாங்கிக்கொண்டும் திருத்தித் தருகிறார்கள். நான் கறுத்துப்போன ஓரத்தைச் சீவித் தரக் கேட்டபோது, தைப்பவர் அடியை வளைத்துப் பார்த்து, குதியில் தேய்மானம் ஒருபக்கமாக இருப்பதைக் காட்டி, அங்கே மெல்லிய துண்டொன்றையும் ஒட்டித் தந்தார்.

பெண்களுக்கு 36 முதல் 40 வரையும் ஆண்களுக்கு 40 முதல் 43 வரையும் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு எதுவும் இல்லை. அகன்ற பாதமுள்ளவர்கள் ஒரு இலக்கம் கூட்டி வாங்க வேண்டும், அல்லது கால் அளவைக் கொடுத்து மூன்று வாரம் பொறுத்திருக்க வேண்டும். போயா நாட்களில் கடை பூட்டு. கடனட்டை எடுப்பதில்லை என்பதால் காசோடு போங்கள். முதல் தடவை போகிறவர்கள் கணுக்கால் பட்டியுள்ள கைத்தறிச் செருப்பையே கேட்டு வாங்குங்கள். பட்டியில்லாத வகை, மழைத் தண்ணீரில் காலைவிட்டு வழுகுகிறது.