கோப்பாயில் ஒரு போத்தல் இரும்புப் பாணி

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டியைத் தூக்கும்போதே ஒரு மூலை பிசுபிசுத்தது. நித்திரைக் கலக்கத்தில் கவனிக்கவில்லை. மறுநாள் விடிய, யாழ்ப்பாணத்துக் கோப்பாய் வீட்டு விறாந்தையில் பெட்டியைத் திறந்தால், அம்மாவுக்கென்று லண்டன் வெம்பிளியில் வாங்கிய இளநீலச் சேலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காவிக் கறை. சேலையை விரித்துப் பார்த்த அம்மா கேட்டார், "என்ன பிள்ளை, குழம்பே கட்டிக்கொண்டு வந்தனி?"

குழம்பில்லை, என்னுடைய இரும்புப் பாணி, குடிக்கிற இரும்புச் சத்து மருந்து. முக்கால் போத்தல் சேலை குடித்துவிட்டது. வைத்தியரின் மருந்துத் துண்டு இருந்தால் 100 மி.லீ.க்கு மேற்பட்ட மருந்துப் போத்தலையும் கைப்பையில் கொண்டுபோக லண்டன் விமான நிலையத்தில் விடுவார்கள் என்பதைத் தங்கச்சி பிறகுதான் போனில் சொன்னாள்.

கர்ப்பப்பைக் கட்டியால் மாதாமாதம் இரத்தம் அதிகம் போய், எனக்குக் குருதிச்சோகை. படி ஏறினால் மூச்சு வாங்கும். முதலில் குளிசைதான் தந்தார்கள். வயிறு எரிந்து ஒரு கிழமைக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாமல் பாணிக்கு மாறினேன். பெரஸ் பியூமரேற் பாணி, 10 மி.லீ., நாளைக்கு ஒரு தடவை. நாலு கிழமை ஒழுங்காகக் குடித்துவிட்டுத்தான் ஊருக்கு வெளிக்கிட்டேன். இடையில் விடக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் நல்லூர்த் திருவிழாவுக்கென்று போன பயணம் பாதி பாமசிப் பயணமாகிவிட்டது.

ரவுணில் கண்ணில் பட்ட முதல் பாமசிக்குள் நுழைந்தேன். கறை பிடித்த போத்தலைக் காட்டியதும் கவுண்டரில் நின்ற தம்பி, "உந்தப் பேரில இங்க இல்லை அக்கா. இது இருக்கு. இதுவும் இரும்புதான், எல்லாம் ஒண்டுதான்" என்று இரண்டு சின்னப் பெட்டிகளை எடுத்து வைத்தார். எவ்வளவு குடிக்கிறது என்று கேட்டேன். "லண்டனில குடிச்ச அளவையே குடியுங்கோ." காசு கொடுத்தேன், பை வந்தது. இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. வேகமான சேவை என்று வீட்டுக்கு வந்து புகழ்ந்தும் விட்டேன்.

இரவு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியை வாசித்தபோதுதான் வியர்த்தது. உள்ளே இருந்தது பாணியில்லை, குழந்தைகளுக்குச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கிற செறிவான மருந்து. மூடியிலேயே துளிக்குழாய். 1 மி.லீ.யில் 50 மி.கி. இரும்பு என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. லண்டன் பாணியில் 5 மி.லீ.க்கு 45 மி.கி. தான். அதாவது நான் வழக்கமாகக் குடிக்கும் 10 மி.லீ.யில் 90 மி.கி. அதே 10 மி.லீ.யை இந்தப் போத்தலிலிருந்து ஊற்றியிருந்தால் 500 மி.கி.

இன்னொரு சிக்கலும் உண்டு. லண்டன் போத்தலின் முகப்பில் பெரிதாக இருப்பது 140 மி.கி. என்ற எண். அது பெரஸ் பியூமரேற் என்ற உப்பின் நிறை. அதற்குள் இருக்கிற தனி இரும்பு 45 மி.கி. மட்டும். ஒரு கம்பனி உப்பின் நிறையைப் போடும், இன்னொன்று இரும்பின் நிறையைப் போடும். இரண்டையும் பக்கத்தில் வைத்து எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துதான் போவோம். அந்தத் தம்பியில் கோபம் வந்தது உண்மை. ஆனால் "லண்டன் மருந்து" என்று போத்தலைத் தூக்கிக் காட்டினேனே தவிர, துண்டை நான் காட்டவேயில்லை.

அடுத்த நாள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வைத்தியரைச் சனல் பண்ணினேன், அதாவது தனியாகப் பார்க்கப் பதிந்தேன். போனிலேயே நம்பர் போட்டாயிற்று. ஐந்தரைக்கு வரச் சொன்னார்கள், கூப்பிட்டது ஏழு மணிக்கு. வெளிநாட்டுக்காரர் என்று கண்டால் வாசலில் ஒரு தனி மரியாதை கிடைக்கிறது. அது எனக்குக் கூச்சம், பக்கத்தில் இருந்த அம்மாவுக்குப் பெருமை. பார்த்ததென்னவோ ஏழெட்டு நிமிடம்தான், ஆனால் கேட்கவேண்டியதைக் கேட்டார். மாதவிடாய் எத்தனை நாள், நோவுக்குக் குளிசை போடுகிறேனா, வயிற்றுப் புண் இருந்ததா, மலம் தார் மாதிரிக் கறுத்து ஒட்டுமா என்று. பாணி குடித்தால் மலம் கறுக்கும், அது பயமில்லை. ஆனால் பிசுக்கெனத் தார் போல, கெட்ட நாற்றத்தோடு போனால் உள்ளே இரத்தம் கசிகிறது என்று அர்த்தம், உடனே வரவேண்டும் என்றார். மாதவிடாய் நின்றவர்களுக்கோ ஆண்களுக்கோ குருதிச்சோகை என்றால் பாணியை ஊற்றிக்கொண்டிருக்காமல் எங்கே இரத்தம் போகிறது என்று முதலில் தேடவேண்டும் என்று அம்மாவைப் பார்த்தபடி சொன்னார்.

இடையில் ஒரு வேடிக்கை. லண்டன் ரிப்போட்டில் ஈமோகுளோபின் 98 என்று இருக்கும். அம்மா அதை நூற்றுக்கு 98 என்று நினைத்து ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். அங்கே லீற்றருக்கு எத்தனை கிராம் என்று எழுதுவார்கள், இங்கே டெசிலீற்றருக்கு. யாழ்ப்பாணத்துக் கணக்கில் அது 9.8. என்னைப் போன்றவர்களுக்கு 12க்குக் குறைந்தாலே குருதிச்சோகை. அம்மாவின் முகம் அந்த அறையிலேயே வாடிவிட்டது.

ஆய்வுகூடத்தைப் பற்றி நல்லதாகத்தான் எழுதவேண்டும். காலை ஏழு மணிக்குக் குத்தி இரத்தம் எடுத்தார்கள், பின்னேரம் போனுக்கு ரிப்போட் வந்துவிட்டது. லண்டனில் என் இடத்தில் இரத்தம் கொடுக்க நாள் எடுப்பதற்கே ஒரு கிழமை போகும். ஈமோகுளோபின் 10.9க்கு ஏறியிருந்தது. பெரிட்டின், அதாவது உடம்பில் சேமிப்பாகக் கிடக்கிற இரும்பைக் காட்டும் அளவு, வெறும் 9. "அடுப்பில சோறு வேகுது, அறையில இன்னும் நெல்லு இல்லை" என்றார் வைத்தியர். ஈமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் குடிக்கச் சொல்வது அந்த நெல்லுக்காகத்தானாம். கெதியாக ஏறட்டும் என்று இரண்டு நேரம் குடிக்கட்டுமா என்று கேட்டேன். ஒரு தடவை இரும்பு உள்ளே போனால் ஈரல் ஹெப்சிடின் என்ற ஹோர்மோனைச் சுரந்து, ஏறக்குறைய ஒரு நாளைக்குக் குடலின் கதவைச் சாத்திவிடுமாம். மேலே ஊற்றுவது பெரும்பாலும் வயிற்றைத்தான் கெடுக்கும். நாளுக்கு ஒரு தடவை, அதுவும் தாங்காவிட்டால் ஒன்றைவிட்ட நாள் என்றார்.

துண்டோடு போனது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு சின்னப் பாமசிக்கு. அங்கே இருந்த பாமசிஸ்ற் அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். மருந்தை எடுக்கும் முன்பே, "பிள்ளை, வேற என்ன குளிசை குடிக்கிறனியள்?" என்று கேட்டார். தைரொக்சின் என்றேன். "அப்ப ரெண்டுக்கும் இடையில நாலு மணித்தியாலம் விடவேணும். கல்சியம் குடிச்சாலும், நெஞ்செரிவுக்கு மருந்து குடிச்சாலும் ஒண்டாக் குடிக்கக் கூடாது. ஆரும் அன்ரிபயோற்றிக் தந்தா இரும்பு குடிக்கிறன் எண்டு சொல்லுங்கோ." லண்டனில் ஒருவரும் இதை எனக்குச் சொன்னதில்லை. தாளில் எழுதித் தந்திருப்பார்கள், நான்தான் வாசித்திருக்க மாட்டேன்.

அவர் தந்தது பொலிமோல்ற்றோஸ் என்ற வேறொரு சேர்க்கையில் இரும்பு இருக்கிற பாணி, 5 மி.லீ.யில் 50 மி.கி. இரும்பு. அளவு மட்டுமில்லை, குடிக்கும் முறையும் மாறியது. என் பழைய பாணி வெறுவயிற்றில் குடித்தால் நன்றாக உறிஞ்சப்படும். இது சாப்பாட்டோடு, அல்லது சாப்பிட்ட கையோடு குடிக்க வேண்டியது. போத்தல் மாறினால் பழைய பழக்கத்தையும் அங்கேயே விட்டுவிட வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னார். ஊசியில்லாத 10 மி.லீ. சிரிஞ்ச் ஒன்றையும் தந்து, கோட்டில் பேனையால் அடையாளம் போட்டுவிட்டார்.

அந்தச் சிரிஞ்சால் வீட்டில் ஒரு விளையாட்டு நடந்தது. குசினியில் கிடந்த "தேக்கரண்டி" எல்லாவற்றையும் அளந்து பார்த்தோம். ஒன்று மூன்று மி.லீ., ஒன்று ஐந்துக்குக் கிட்ட, அப்பாவின் காலத்துப் பித்தளைக் கரண்டி எட்டு. இத்தனை வருடமாக எல்லா மருந்தும் இந்தக் கரண்டிகளால்தான் ஊற்றப்பட்டிருக்கிறது.

எல்லாவற்றிலும் கஷ்டமானது தேத்தண்ணி. யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுப் படலையைத் திறந்தால் தேத்தண்ணி குடிக்காமல் திரும்ப முடியாது. சாயத்திலுள்ள தனின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், பால் ஊற்றினால் கல்சியமும் சேர்ந்துகொள்ளும். காலையில் எழும்பித் தைரொக்சின், கோயில், வந்து கொஞ்சம் பொறுத்துத் தேத்தண்ணி, மதியச் சோற்றோடு பாணி, பிறகு மூன்று மணிக்குப் பின்தான் அடுத்த தேத்தண்ணி என்று ஒரு நேரசூசி போட்டேன். மாமி வீட்டில் ஒருநாள் மதியம் தேத்தண்ணியை மறுத்ததில் மாமி இன்னும் கோபம். நல்லூர் வீதித் தண்ணீர்ப் பந்தல்களில் மோரும் இருக்கும், தேசிக்காய்த் தண்ணியும் இருக்கும். பாணி குடிக்கிற நேரத்தை அண்டினால் தேசிக்காய்ப் பக்கம் ஒதுங்கிவிடுவேன். திருவிழா இருபத்தைந்து நாளும் வீட்டில் மச்சமில்லை. அம்மா முருங்கையிலை, பொன்னாங்காணி என்று மாறி மாறிச் சுண்டினார். கீரையிலுள்ள இரும்பு மீன், இறைச்சியிலுள்ளது போல லேசாக உடம்பில் ஏறாது என்று தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. சுண்டல் அவ்வளவு ருசி.

மலச்சிக்கலுக்குக் கப்பல் வாழைப்பழமும் நிறையத் தண்ணீரும் கை கொடுத்தன. பழைய பாணி பல்லில் கறை பிடிக்கும் என்பதால் லண்டனில் தண்ணீர் கலந்து ஸ்ரோவால் உறிஞ்சிவிட்டு வாய் கொப்பளிப்பேன். புதுப்பாணிக்கும் அதே பழக்கத்தை விடவில்லை. 2023 ஒக்ரோபரிலிருந்து இலங்கையில் பிளாஸ்ரிக் ஸ்ரோவுக்குத் தடை. கடதாசி ஸ்ரோ இரண்டு நாளில் தீர்ந்ததும், பப்பாசி இலைக் காம்புக் குழல் வெட்டித் தரட்டோ என்று அம்மா கேட்டார். சின்ன வயதில் அதில் சவர்க்கார முட்டை ஊதின ஞாபகம் வந்ததே தவிர, பால் வடிகிற குழலால் மருந்து குடிக்கத் துணிச்சல் வரவில்லை.

ஒருநாள் உண்மையாகவே பயந்தோம். தம்பியின் நாலு வயது மகள் மேசையில் இருந்த அளவுக் கிண்ணத்தை நக்கிக்கொண்டிருந்தாள். நல்லகாலம், கழுவிவைத்த கிண்ணம். லண்டன் போத்தலின் மூடியை அழுத்தித் திருகினால்தான் திறக்கும், இங்கே கிடைத்ததில் சாதாரண மூடி. இனிப்பான பாணி, இரும்பு மருந்தை ஒரு குழந்தை அதிகமாகக் குடித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். அதிலும் முதலில் வருகிற சத்தி, வாந்தி நின்றபிறகு சில மணி நேரம் பிள்ளை தேறியது மாதிரி இருந்து ஏமாற்றும், பிறகுதான் மோசமாகும். குடித்துவிட்டது என்று சந்தேகம் வந்தாலே போதனா வைத்தியசாலைக்கு ஓடவேண்டும். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும், 2018இலிருந்து வடக்கிலும் அது ஓடுகிறது. அன்றிலிருந்து போத்தல் அலுமாரிக்கு மேலே, பூட்டிய பெட்டிக்குள்.

வெளிக்கிடும் கிழமை சித்தி வந்தார், மகளையும் கூட்டிக்கொண்டு. "இவளும் வெளிறிப்போய்க் கிடக்கிறாள், உந்தப் பாணியில ஒரு போத்தலைத் தந்திட்டுப் போவன்." முந்தின பயணங்களில் நானே இப்படி ரொனிக் போத்தல்களைப் பங்கிட்டுக் கொடுத்தவள்தான். இந்தமுறை வைத்தியர் சொன்னது காதில் இருந்தது: தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் கோளாற்றின் கூறு உள்ளவர்களுக்கும் செங்குழியம் சிறிதாய்த்தான் தெரியும், பெரிட்டின் பார்க்காமல் இரும்பு கொடுக்கக் கூடாது. போத்தலைத் தர மாட்டேன், சோதனைக் காசைத் தருகிறேன் என்றேன். சித்திக்கு முகம் கொஞ்சம் கோணியது. வெளிநாட்டுக்காரி கஞ்சத்தனம் பண்ணுகிறாள் என்று நினைத்திருப்பார்.

லண்டன் வந்து பத்து நாளில் சித்தி ரிப்போட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். குழியம் சிறிது, பெரிட்டின் 64, அதாவது சேமிப்பில் இரும்பு இருக்கிறது. அடுத்த சோதனைக்கு இரத்தம் அனுப்பியிருக்கிறார்களாம். கூடவே ஒரு குரல் பதிவு: முதல் பாமசியில் நான் வாங்கி மேசையில் விட்டுவந்த அந்தச் சின்னப் போத்தல் இரண்டையும் அம்மா ஏற்கெனவே சித்தியிடம் கொடுத்திருந்தாராம், சித்தி இன்னும் உடைக்கவில்லையாம், என்ன செய்கிறது என்று கேட்டு.