கிருஷ்ணகிரியில் தலைக்கு கலர்: சந்துக் கடைக்குப் போகலாமா, ஏசி கடைக்கா?

பசங்க கேட்கிறது ஆஷ் கிரே, அதாவது சாம்பல் நிறம். கண்ணாடியில் பார்க்கும்போது தலையில் இருக்கிறது ஆரஞ்சு. கிருஷ்ணகிரி டவுனில் முடிக்கு கலர் போடுகிற சர்வீஸ் பற்றி அதிகம் காதில் விழுகிற குறை இதுதான். ரவுண்டானா பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட ஏசி கடைகளும் உண்டு, பழையபேட்டை சந்துகளில் ரெண்டு நாற்காலி போட்ட சலூன்களும் உண்டு. இரண்டு இடத்திலும் கலர் போடுகிறார்கள். எந்த வேலைக்கு எந்தக் கடை என்று தெரிந்து போனால் காசும் மிஞ்சும், தலைத்தோலும் தப்பிக்கும்.

முதலில் ஆரஞ்சு எப்படி வருகிறது என்று பார்ப்போம். முடியின் நிறத்தை 1 முதல் 10 வரை லெவல் போட்டுச் சொல்வார்கள். நம்ம ஊர்க் கருப்பு 1 அல்லது 2. சில்வர், ஆஷ் கிரே ஒழுங்காகப் பிடிக்க 9, 10 வரை ஏற்ற வேண்டும். வாழைப்பழத் தோலின் உள்பக்கம் மாதிரி வெளிர்மஞ்சள் தெரிய வேண்டும். கருப்பு வெளுக்கும்போது முதலில் சிவப்பு, பிறகு ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள் என்று வரிசையாகத்தான் வெளுக்கும். ஒரு தடவை ப்ளீச் போட்டால் நம் முடி பெரும்பாலும் ஆரஞ்சில் நின்றுவிடும். இரண்டாவது ப்ளீச், அதற்கு மேல் மிச்ச மஞ்சளையும் ஆரஞ்சையும் அடக்குகிற டோனர், இந்த இரண்டுக்கும் தனித்தனியாகக் காசு. கையில் ஒரு தடவைக்கான காசு மட்டும் இருக்கிற பையனின் தலையில் ஆரஞ்சு நிற்கிறது. அதைப் பார்த்துத்தான் ஊர் 'புள்ளிங்கோ' என்கிறது. அதே பாக்கெட் ப்ளீச்சில் தொடங்கி மூன்று கட்டமும் முடித்து வருகிறவரை 'ஸ்டைலா இருக்கான்' என்கிறது. பரிகாசம் செய்யப்படுவது பாதியில் நின்ற ஒரு வேலை; அது நின்ற காரணம் பணம். குணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இது நமக்கு மட்டும் உள்ள கதையும் இல்லை. சிங்கப்பூர், மலேசியச் சீனர்களிடையே 'ஆ பெங்' என்று ஒரு முத்திரை உண்டு, பெண்ணானால் 'ஆ லியன்'. வெளுத்த முடி, நெற்றியை மறைக்கும் முன்முடி, சத்தம் ஏற்றிய வண்டி, வாயில் ஹொக்கியன் மொழி, வீடு அரசு அடுக்குமாடி. இதைச் சொல்லிச் சிரிப்பவர்களும் சீனர்களே. ஆங்கிலத்தில் படித்து மேலே போன பிரிவினர். அந்தக் கோடு தானாக விழவில்லை. 1979இல் சிங்கப்பூர் அரசு மாண்டரின் பேசுங்கள் என்று இயக்கம் தொடங்கியது. ஹொக்கியன், தியோச்சியூ, கான்டனீஸ் என்று வீட்டில் பேசிய மற்ற சீன மொழிகள் எல்லாம் வானொலி, தொலைக்காட்சியிலிருந்து ஓரங்கட்டப்பட்டன. அதே 1979இல் வந்த, துணைப் பிரதமர் கோ கெங் சுவீயின் கல்வி அறிக்கையை ஒட்டி, மாணவர்களைத் தேர்வு மதிப்பெண்படி தனித்தனிப் பிரிவாகப் பிரிக்கும் முறை வந்தது. பள்ளியில் கேட்டது ஆங்கிலமும் மாண்டரினும்; வீட்டில் ஹொக்கியன் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இரண்டு பக்கமும் அடி. 1999 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் கோ சோக் டோங், உலகைச் சுற்றும் காஸ்மோபாலிட்டன்கள், குடியிருப்புப் பேட்டையில் வேர்விட்ட ஹார்ட்லாண்டர்கள் என்று இரண்டு வகையைப் பேசினார். உயர்நிலைப் பள்ளியில் மதிப்பெண்படி பிரித்த எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற பிரிவுகள் 2024இல் சேர்ந்த மாணவர்களிலிருந்துதான் போயின.

முடி மேல் அரசே கண் வைத்த காலமும் அங்கே உண்டு. 1970களில் நீளமுடி வைத்த ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று சிங்கப்பூர் அரசு அலுவலகங்களில் சுவரொட்டி இருந்தது. எது நீளமுடி என்று படம் போட்டே காட்டினார்கள்: புருவத்தைத் தொட்டால், காதை மூடினால், சட்டைக் காலருக்குக் கீழே இறங்கினால். ஹாங்காங்கில் மோங் கோக் பகுதியின் பெயரைச் சொல்லியே தங்கநிற முடிப் பையன்களைக் கிண்டல் செய்தார்கள். சீனாவில் டோங்குவான் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த கிராமத்துப் பிள்ளைகள் முடியைச் சாயமேற்றி விரித்து நிறுத்தியபோது, இணையத்தில் அவர்களை வாட்டி எடுத்தார்கள். ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறுகிற பையனுக்கும் அந்த டோங்குவான் பையனுக்கும் நடுவில் பெரிய தூரம் இல்லை.

அங்கிருந்து நமக்கு நேராகப் பயன்படுகிற விஷயம் ஒன்று உண்டு. சீனர்களின் முடியும் லெவல் 1, 2 கருப்புதான். நம்முடையதைவிட இழை தடிப்பு, நேராக நிற்கும். ஐரோப்பிய வீடியோக்களில் பழுப்பு முடியை 40 நிமிடத்தில் சாம்பலாக்கிக் காட்டுவதைப் பார்த்து நம் கடைக்காரர்கள் வேலை செய்தால் சொதப்பும். சிங்கப்பூர், கோலாலம்பூர் சீனச் சலூன்கள் கருப்பு முடிக்கு இரண்டு ப்ளீச், பிறகு டோனர் என்று போகிற முறைதான் நமக்குச் சரி. நம் இழை கொஞ்சம் மெல்லிசு என்பதால் நேரத்தை மட்டும் குறைக்க வேண்டும்.

சந்துக் கடையைப் பார்ப்போம். கட்டிங், பிளேடு, லைன், ஃபேட் எல்லாவற்றிலும் இவர்கள் கைதான் சுத்தம். ஏசி கடையில் பல நேரம் இந்த நேர்த்தி வராது. ப்ளீச்சுக்கு சுமார் 300 முதல் 500 ரூபாய். முடி நீளத்தைப் பொறுத்து ஏறும். கெடுவது நான்கு இடத்தில். ஒன்று, எவர்சில்வர் கிண்ணத்தில் கலக்குவது. உலோகம் பட்டால், வெளுக்க வைக்கிற பெராக்சைடு வேகமாகச் சிதையலாம். பிளாஸ்டிக் கிண்ணம் கேளுங்கள். இரண்டு, சீக்கிரம் முடியட்டும் என்று ப்ளீச் பவுடரோடு கலக்குகிற பெராக்சைடு திரவமான டெவலப்பரில் 40 வால்யூம் வீரியம் உள்ளதை எடுப்பது. அதில் 12 சதவீதம் பெராக்சைடு, தலைத்தோலில் பட்டால் வெந்துவிடும். 20 வால்யூம், அதாவது 6 சதவீதம் போதும். முடி ரொம்ப முரடு என்றால் 30 வால்யூம், அதுவும் தோலில் படாமல். மூன்று, தலைக்கு மேல் ஃபேன் முழு வேகத்தில் ஓடுவது. ப்ளீச் காய்ந்த நிமிடத்தோடு வெளுப்பதும் நின்றுவிடும். திட்டுத்திட்டான ஆரஞ்சு பெரும்பாலும் இதனால்தான். ஃபேனை நிறுத்திவிட்டு பிளாஸ்டிக் கவர் போட்டு மூடச் சொல்ல வேண்டும். நான்காவதுதான் மோசம்: பக்கவாட்டில் பிளேடு வைத்துச் சிரைத்துவிட்டு அதே சூட்டில் மேலே ப்ளீச் போடுவது. கண்ணுக்குத் தெரியாத கீறலில் மருந்து இறங்கி அன்று இரவு தூங்க விடாது. மெஷினால் மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். பிளேடு வேலையை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.

கலவை எளிதுதான். பவுடர் ஒரு பங்கு, டெவலப்பர் இரண்டு பங்கு. மூன்று, நான்கு இன்ச் மேல்முடிக்கு 30 கிராம் பவுடர், 60 மில்லி டெவலப்பர் போதும். கலக்கி வைத்தால் நேரம் போகப் போக வீரியம் குறையும், அதனால் தேவைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். முடியை அரை சென்டிமீட்டர் அடுக்காகப் பிரித்து, வேரில் ஒரு சென்டிமீட்டர் விட்டு நடுவிலும் நுனியிலும் முதலில் பூச வேண்டும். உடம்புச் சூட்டில் வேர்ப்பகுதி சீக்கிரம் வெளுக்கும் என்பதால் அது கடைசி. முடியே ஒரு இன்ச்சுக்குள் என்றால் ஒரே ஓட்டமாகப் பூசலாம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஓர் இழையைத் துடைத்துப் பார்க்கணும். பாக்கெட்டில் போட்டிருக்கிற நேரத்துக்கு மேல், எவ்வளவு ஆசைப்பட்டாலும் வேண்டாம். முதல் நாள் ஷாம்பு போடாமல் போங்கள். எண்ணெய்ப்பசை தோலைக் கொஞ்சம் காக்கும்.

ஏசி கடைகளில் கிண்ணம், ஃபாயில், டோனர் எல்லாம் முறையாக இருக்கும். டோனரின் வேலை எளிது: ஊதா மஞ்சளை அடக்கும், நீலம் ஆரஞ்சை அடக்கும். முழு ஆஷ் கிரேக்கு 2,500 முதல் 5,000 ரூபாய் வரை ஆகலாம். மேலே பாண்ட் ட்ரீட்மென்ட் (ப்ளீச்சில் முடி பலவீனமாகாமல் காக்கப் போடுவது), ஸ்பா என்று பில் ஏறும். ட்ரீட்மென்ட் கொஞ்சம் உதவும், ஆனால் அதைப் போட்டால் எத்தனை ப்ளீச்சும் தாங்கும் என்று சொன்னால் நம்ப வேண்டாம். இங்கே பெரிய தப்பு அவசரம். ஒரே நாளில் இரண்டு ப்ளீச்சையும் முடிக்கப் பார்ப்பார்கள். முதல் ப்ளீச்சுக்குப் பிறகு ஈர முடி ஒன்றை மெல்ல இழுத்துப் பாருங்கள். நீண்டு, விட்டதும் சுருங்கினால் சரி. ரப்பர் மாதிரி நீண்டே நின்றாலோ அறுந்தாலோ அன்றைக்கு அதோடு எழுந்துவிட வேண்டும். இரண்டு வாரம் இடைவெளி விட்டு இரண்டாவது போடலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: செருப்பையும் சட்டையையும் பார்த்து 'உங்க பட்ஜெட் எவ்ளோ தம்பி' என்று ஆரம்பிக்கிற மேசைகள் சில உண்டு. முடியைத் தொட்டுப் பார்த்து, முன்னால் என்ன போட்டீர்கள் என்று கேட்ட பிறகு விலை சொல்கிற கடையே நல்ல கடை. சந்துக் கடை அண்ணன்கள் இதில் எவ்வளவோ மேல். 'இவ்ளோதான் வரும் தம்பி, வெள்ளையா ஆகாது' என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார்கள்.

ஏற்கெனவே பாக்கெட் கருப்புச் சாயமோ மருதாணியோ போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சாயத்தின் மேல் வேறு சாயம் போட்டு வெளுக்க வைக்க முடியாது; பழைய சாயம் உள்ள இடமும் இல்லாத இடமும் வேறு வேறு நிறத்தில் நிற்கும். கலப்பட மருதாணியில் உலோக உப்பு இருந்தால் ப்ளீச் பட்டதும் சூடேறும். கலர் போடுவதற்கு 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் அந்தக் கலரில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பது அவசியம், அரிப்போ வீக்கமோ வந்தால் விட்டுவிட வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ப்ளீச் பவுடர் தூசு ஆகாது. அதே தூசை நாள் முழுக்க மூச்சில் இழுக்கிறவர் கடைக்காரர். கையுறையும் மாஸ்க்கும் இல்லாமல் அவர் கலக்கினால், போட்டுக்கொள்ளுங்கண்ணா என்று வாடிக்கையாளர் சொல்வதில் தப்பே இல்லை.

கலர் நிலைக்காததற்கு நம் மாவட்டத்தில் தனிக் காரணம் தண்ணீர். போர் தண்ணியில் உள்ள உப்பு வெளுத்த முடியில் படிந்து ஆஷ் நிறத்தை மங்கலான மஞ்சளாக்கிவிடும். வீட்டில் ஒகேனக்கல் தண்ணி வந்தால் தலைக்கு அதையே வையுங்கள். இல்லையென்றால் கடைசி ஒரு சொம்பு மட்டும் கேன் தண்ணி. வாரம் ஒருமுறை ஊதா ஷாம்பு. இத்தனை செய்தாலும் டோனர் ஒன்றிரண்டு மாதம்தான் தாங்கும்.

எங்கள் தேர்வு இது. ஆஷ் கிரே, சில்வர், பிளாட்டினம் வேண்டுமென்றால் ஏசி கடை, இரண்டு தவணையில், மூவாயிரம் ரூபாயாவது ஒதுக்கிவிட்டு. அவ்வளவு முடியாது என்றால் சந்துக் கடையில் ஒரே ப்ளீச்சோடு நிறுத்தி, ஆரஞ்சின் மேலேயே காப்பர் அல்லது பர்கண்டி போடச் சொல்லுங்கள். அடியில் உள்ள ஆரஞ்சு அங்கே உதவிக்கு வரும், நிறம் ஆழமாகப் பிடிக்கும், கூடுதலாக ஒரு 200 ரூபாயில் முடியும். இதுவரை சாயமே படாத முடி என்றால் பர்கண்டிக்கு ப்ளீச்சே வேண்டாம், பெர்மனென்ட் கலரை 30 வால்யூமில் போட்டாலே வெயிலில் தெரியும். சந்துக் கடைகள் பலவும் செவ்வாய் லீவு. ஞாயிறு காலை கட்டிங் கூட்டத்தில் கலர் வேலைக்கு நேரம் ஒதுக்க மாட்டார்கள். வாரநாள் மதியம் பட்டன் வைத்த பழைய சட்டையில் போங்கள், டி-ஷர்ட் என்றால் தலை வழியாகக் கழற்றும்போது கலர் ஒட்டும்.