பெருமாள்புரம் பக்கத்து மாண்டிசோரி: ஒரு வருஷம் அனுப்பிய பிறகு

மகளை முதலில் வேறு ஒரு பள்ளியில்தான் சேர்த்திருந்தோம். மூன்று வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்து அழுத்தி ஏ, பி, சி எழுத வைத்தார்கள். காலையில் செருப்பை எடுத்தாலே அழுவாள். நிறுத்திவிட்டு, திருநெல்வேலி பெருமாள்புரம் பக்கம் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் நடக்கும் இந்தச் சின்ன மாண்டிசோரிக்கு மாற்றினோம். பொருள்களைக் கையால் எடுத்துச் செய்து, பிள்ளைகள் தாங்களே கற்றுக்கொள்கிற முறை அது. இருபத்திரண்டு பிள்ளைகள், சொல்லித் தர இரண்டு அக்காக்கள், ஓர் ஆயா. இரண்டரை வயதிலிருந்து ஆறு வரை எல்லாருக்கும் ஒரே அறை.

சேர்ப்பதற்கு முன் ஒரு மணி நேரம் மூலையில் உட்கார்ந்து பார்க்க விட்டார்கள். ஒரு பையன் பத்தமடைப் பாயை விரித்தான். இளஞ்சிவப்புக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தான். மொத்தம் 10; பெரியது 10 சென்டிமீட்டர், சின்னது 1 சென்டிமீட்டர். அடுக்கி முடித்த பிறகு நடுவில் போகவேண்டிய கட்டை ஒன்று கீழேயே கிடந்தது. எனக்குக் கை பரபரத்தது. அக்கா வாயைத் திறக்கவில்லை. அவனே கொஞ்ச நேரம் பார்த்தான், பிரித்தான், மறுபடி அடுக்கினான். அன்றைக்கே பணம் கட்டிவிட்டேன். பிள்ளைக்காகக் காத்திருக்கத் தெரிந்தவர்கள் கிடைப்பது லேசில்லை.

ஃபீஸ் அதிகம்தான். பயறை விரலால் எடுத்துக் கிண்ணம் மாற்றிப் போடுவதும் அங்கே ஒரு பயிற்சி. "ஏட்டி, பயறு அள்ளிப் போடுததுக்கா இம்புட்டு ரூவா கெட்டுதே?" என்று அம்மா கேட்டாள். மூன்று விரலால் பயறு எடுக்கிற கைதான் நாளைக்குப் பென்சில் பிடிக்கும் என்றேன். இப்போது தண்ணீர் சிந்தினால் மகளே துணி எடுத்து, ஓரத்திலிருந்து உள்பக்கமாகத் துடைக்கிறாள். அம்மா ஒன்றும் சொல்வதில்லை.

ஒரு குறை. விரலால் தடவிப் பார்க்கிற உப்புத்தாள் எழுத்துகள் ஆங்கிலத்தில் முழு செட் இருக்கின்றன. தமிழில் உயிரெழுத்து 12 மட்டும். இந்த முறையை உருவாக்கிய மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவ்வளவு காலமாகத் தமிழ்நாட்டில் இருக்கிற முறையில் தமிழ் இப்படிப் பாதியில் நிற்பது எனக்கு வருத்தம்.

போர்டில் மாண்டிசோரி என்று எழுதியிருப்பதை நம்பிச் சேர்க்காதீர்கள். உட்கார்ந்து பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். அலமாரி பிள்ளையின் கைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள்.

அப்புறம், மகள் பெயரில் ழ உண்டு. போன வாரம் உப்புத்தாளில் ழ வெட்டி, அட்டையில் ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, மற்ற எழுத்துகளோடு வைத்தார்.